என்ஜின் ஓடும்போது வருகிறவள்

செல்லசாமியின் மகள் செத்து ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்று என் பெண்சாதி ராக்காயி சொன்னபோது, நான் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பிய்த்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டேன்.

"வாய மூடு. காலங்காத்தால செத்த பிள்ளையப் பத்தி என்னா பேச்சு இது?"

"நானா சொன்னேன்? பெத்தவ வீரம்மாவே சொன்னா. அடுப்படியில ஒக்காந்து கோப்பையத் தட்டுதாம். ரொட்டி கேட்டு அந்தப் பிள்ள எப்பவும் தட்டுமே, அதே மாதிரி."

"அவளுக்குக் கிறுக்கு. ஒனக்கு அதவிடக் கிறுக்கு."

சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் லொறியை எடுத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து ஏற்றப் போகிற வழியெல்லாம் காதுக்குள் அந்தக் கோப்பைதான். அந்தப் பிள்ளை சுலக்ஷனா கரண்டியால் கோப்பையைத் தட்டினால் லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்கும். "பசிக்கிது, பசிக்கிது" என்று அதிலேயே பாட்டுப் படிப்பாள். ஆறு வயது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஹட்டன் ரோட்டில் மண் சரிந்து கிடந்த நாளில் போய்விட்டாள். 

எங்கள் லயம் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகிற ரோட்டுக்கு மேலே இருக்கிறது. நான் பெக்டரி லொறி ஓட்டுகிறவன். செல்லசாமி லயத்தின் கடைசி வீடான கோடிக் காம்பராவில் இருந்தான். முன்னே பெக்டரியில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். தோட்டத்துத் துரையோடு சண்டை போட்டு, வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்ட பிறகு காம்பராவின் பின்சுவரோடு சாய்த்து ஒரு தகரக் கொட்டகை போட்டு, கராஜ் என்று பலகை மாட்டினான். முச்சக்கர வண்டிகளும் தோட்டத்து வான்களும் அங்கேதான் வரும். பெண்சாதி வீரம்மா கொழுந்து எடுக்கிறவள். அவர்களுக்கு அடுத்த காம்பரா கூரை விழுந்து சும்மா கிடந்தது. அதனால் கோடியில் அவர்கள் இரண்டு பேரும் தனி.

அந்த வருடம் வடக்குச் சண்டை நின்று சமாதானம் வந்திருந்தது. ரோட்டில் செக்பொயின்ட் இல்லை. நுவரெலியா ஏப்ரல் சீசன் களைகட்டப் போகிறது, மலையேறும் கார் ரேஸ் பெரிதாக நடக்கப் போகிறது என்று எல்லா வாயிலும் பேச்சு. ஜனவரியில் ஒரு நாள் செல்லசாமியின் கராஜுக்கு சின்னதாக ஒரு சிவப்புக் கார் வந்தது. ஜப்பான் கார், டர்போ பூட்டியது. கொண்டுவந்தவர் சஞ்சயன். ஹட்டனில் ரோட்டு வேலைப் பகுதியில் என்ஜினியர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கலியாணம் ஆகவில்லை. சம்பளத்தை எல்லாம் அந்தக் காருக்கே தின்னக் கொடுப்பவர்.

கையில் ஒரு சின்னப் பெட்டி. அதைத் திறந்து, வட்டமான ஒரு கேஜை எடுத்துச் செல்லசாமியின் கையில் வைத்தார்.

"அண்ணை, இது அண்ணா கனடாவில இருந்து அனுப்பினவர். என்ஜினுக்குள்ள போற காத்துக்கும் பெற்றோலுக்கும் என்ன கணக்கு எண்டு இது காட்டும். புகைக்குழாயில ஒரு சென்சர் பூட்ட வேணும். எரிஞ்சு முடிஞ்ச புகையில எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்கெண்டு அது பாக்கும்."

"பாத்து என்னா சார் செய்யும்?"

"இந்த லைட்டுகளுக்குச் சொல்லும். சிவப்பு எரிஞ்சா காத்துக் கூட, பெற்றோல் காணாது. அப்பிடியே ரேஸ் ஓடினால் பிஸ்டன் உருகிப் போகும். பச்சை எண்டால் பெற்றோல் கூட. நடுவில மஞ்சள். கொழும்பில டியூன் பண்ணினது இங்க சரிவராது. மேல காத்து மெல்லிசு. அதாலதான் உங்களிட்டக் கொண்டு வந்தனான்."

நான் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தேன். "அப்ப இனி காது வச்சிருக்கிறவன் எல்லாம் வீட்டுக்குப் போகலாமா சார்?" என்று கேட்டேன். சஞ்சயன் சிரித்தார். செல்லசாமி சிரிக்கவில்லை. அந்தக் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பவன் போல நின்றான். மகள் போன பிறகு அவன் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அதனால் நக்கலை நிறுத்திக்கொண்டேன்.

சென்சரைப் பூட்டி, கேஜைக் கண்ணாடிக்குக் கீழே மாட்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் சிவப்பு. பெற்றோல் அழுத்தத்தைக் கூட்டுகிற திருகு ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் முறுக்கினான். சிவப்பு. இன்னும் கொஞ்சம். ஒரு தரம் மஞ்சளைத் தொட்டுவிட்டு மறுபடியும் சிவப்பு.

"பிடிவாதக்காரி" என்றான் செல்லசாமி. "இருக்கட்டும். நானா அவளான்னு பாக்குறேன்."

அதிலிருந்து தினம் இதே வேலை. காரின் மூக்கை வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தான். பின்னால் சைலன்சர் வாயில் பெக்டரிப் பழைய குழாய் ஒன்றைச் சொருகி, புகை வெளியே பள்ளத்துக்குப் போகிற மாதிரி செய்திருந்தான். அவனைக் கவனம் இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டகையின் வாசலில் படங்குச் சீலை தொங்கும். பனி நேரம் அதை இறக்கி விட்டுவிடுவான். அவன் மட்டும் அடிக்கடி படங்கை விலக்கிக்கொண்டு பீடிக்கு வெளியே வருவான். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். லயத்துச் சுவர் எங்கே கூரை வரைக்கும் போகிறது? மேலே ஒரு முழம் இடுக்கு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு வயசு என்று சொல்லலாம், அப்படி இருக்கும்.

வீரம்மா முதலில் தலைவலி என்றாள். பிறகு வாந்தி. ராக்காயி முதலில் வேறு மாதிரி நினைத்துச் சந்தோஷப்பட்டு, பிறகு இல்லை என்று தெரிந்து முகம் வாடினாள். வீரம்மா காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வருவாள், மலையில் நின்று கொழுந்து எடுக்க எடுக்கத் தலைவலி போய்விடும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அடுப்பு மூட்டினால் திரும்பவும் வரும். அடுத்த வாரம் பெரட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். கங்காணி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். போகவில்லை.

ராக்காயி அந்தச் சேதியைச் சொன்ன அன்று பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும் நான் அங்கே போனேன். கொட்டகையில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வீரம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரி என்று நினைத்துப் போன எனக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கன்னம் இரண்டும் சிவந்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

"என்னாம்மா, பெரட்டுக்கு வரலியாம்?"

"பிள்ள வருதுண்ணே. நான் எப்புடி வர்றது?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் சின்ன எனாமல் தட்டுக் கோப்பை ஒன்றில் ரொட்டி வைத்திருந்தாள். ரொட்டி காய்ந்து விளிம்பு சுருண்டிருந்தது.

"திங்குதா?"

"திங்கல. தட்டுது, வச்சா திங்கல. ஏன்னு தெரியல."

"பயமா இல்லியா?"

"பெத்த பிள்ளைக்கி என்னாண்ணே பயம்?"

எனக்குப் பயமாக இருந்தது. வெளியே வந்து படங்கைத் தூக்கினேன். "டே செல்லசாமி, இந்த வண்டிய ஓரங்கட்டு. ஒம் பெண்சாதிக்குப் புத்தி பேதலிக்குது, நீ லைட்டப் பாத்துக்கிட்டு இருக்கே."

அவன் திருகைவிட்டுக் கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே மெல்லக் கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்குக் கேக்குதா?"

"என்னா?"

"தட்டுற சத்தம்."

காதைக் கொடுத்தேன். என்ஜின் இரைச்சலுக்குள்ளே, எங்கேயோ, டிக், டிக், டிக் என்று. சுவர்ப் பக்கமிருந்து.  வண்டி நன்றாகச் சூடேறியதும் அது தானாக அடங்கியது. செல்லசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாத்தான் வருதுண்ணே. மத்த நேரம் வரல. நானும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தேன். ஒருவேள, சத்தத்துக்கு வருதோ என்னமோ. சின்னதுல நான் என்ஜின் ரூம்ல வேல செய்யிறப்ப அவ அங்கதானே வந்து ஒக்காந்திருப்பா."

 என்னடா இது சோதனை என்று திரும்பிவிட்டேன்.

ராக்காயி விடவில்லை. மேல் டிவிசனில் இருந்து கோடாங்கி அழகுமுத்துவைக் கூட்டி வந்தாள். அழகுமுத்து பகலில் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டுகிறவர், உடுக்கை எடுத்தால் வேறு ஆள். சனிக்கிழமை பின்னேரம், சாம்பிராணியைப் போட்டு, உடுக்கையை அடித்து, உடம்பை முறுக்கி, கண்ணைச் செருகி, வீரம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ள பாத தெரியாம நிக்கிது தாயி. போகவும் முடியல, வரவும் முடியல. தாயிகிட்ட என்னமோ கேட்டு நிக்கிது."

"என்னா கேக்குது சாமி? கேட்டுச் சொல்லுங்க" என்று வீரம்மா அழுதாள்.

"காப்புக் கட்டணும். கட்டுனதுக்கு அப்பறம் ஒம்பது நாளைக்கு நீ வாசப்படி தாண்டக் கூடாது. வெளிக்காத்து உள்ள வரக் கூடாது. காத்துக் கருப்பு பின்னாலயே பூந்துரும். ஓட்ட ஒடசல் எல்லாத்தையும் அட."

நாங்களே அடைத்தோம். நானும்தான் சேர்ந்து அடைத்தேன். கொழுந்துச் சாக்கை மடித்து ஜன்னலில் திணித்தோம். கதவுக்கு அடியில் பழைய கம்பளி. கூரைத் தகரத்து ஓட்டைகளுக்குச் சீலைத்துண்டு. வேப்பிலையும் எலுமிச்சம் பழமும் வாசலில் தொங்கின. கோடாங்கி கடைசியாகப் பின்சுவரின் மேல் இடுக்கைக் காட்டினார்.

"அது?"

"அது நம்ம கராஜ் பக்கந்தான் சாமி" என்றான் செல்லசாமி. "வெளி இல்ல. நம்ம எடந்தான்."

"படங்கு இருக்கா?"

"இருக்கு சாமி."

"அதையும் எறக்கி வுட்டுரு. அப்பச் சரி, ஒரே வீடுதான். அது கெடக்கட்டும்."

அப்படித்தான் அந்த இடுக்கு திறந்தே கிடந்தது. வீட்டுக்கு வெளிக்காத்து வருகிற எல்லா வழியையும் அடைத்துவிட்டு, வண்டி நிற்கிற பக்கத்தை மட்டும் திறந்து வைத்தோம்.

அந்த வாரம் பனி இறங்கினால் லயத்து லைன் கம்பி கூடத் தெரியாது. புதன்கிழமை பின்னேரம் ராக்காயி மிளகு ரசம் வைத்துச் சட்டியில் கொடுத்துவிட்டாள். கதவைத் திறந்து நுழைந்து, உடனே சாத்தினேன். உள்ளே இருட்டு. விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ஜின் இரைகிறது. வீரம்மா சாக்கின்மேல் சாய்ந்திருந்தாள். ரசத்தைக் குடி என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சரி, கொஞ்ச நேரம் இருந்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பலகையில் உட்கார்ந்தேன்.

பார்த்தேன். பொய் சொல்வதாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுப்புப் பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பச்சைக் கவுன். இரட்டைப் பின்னல், நுனியில் ரிப்பன். தோள் இரண்டும் குறுகி, குளிருக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி. டிக், டிக் என்று சத்தம் வந்தது. நான் வீரம்மாவைப் பார்த்தேன். அவளும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல், எதற்கோ காத்திருக்கிறவள் மாதிரி. நான் ரசச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பீலிக்குப் போய், மலைத்தண்ணீர் கொட்டுகிற குழாய்க்குக் கீழே தலையை நீட்டி நின்றேன். தண்ணீர் ஐஸ் மாதிரி விழுந்தது, எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று ராக்காயியிடம் கூட நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சஞ்சயன் வந்தார். வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். செல்லசாமி என்னையும் ஏறச் சொன்னான். அவனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. திம்புள்ள பக்கம் ஏறுகிற வளைவில் சஞ்சயன் மிதித்தார். வண்டி பாய வேண்டியது, இருமியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று புகை, பின்னால் வந்த பஸ்காரன் கையை வெளியே நீட்டித் திட்டினான்.

"என்ன இது அண்ணை? பெற்றோல் ஊத்துது!"

"இல்ல சார். லைட்டப் பாருங்க. நிப்பாட்டி வச்சா இப்பவும் செவப்புத்தான் காட்டுது. இன்னமும் காணாதுன்னுதான் சொல்லுது."

கராஜுக்கு வந்து பிளக்குகளைக் கழற்றினோம். நாலும் கரி. ஈரக் கரி. அடுப்பில் இருந்து எடுத்த மாதிரி. சஞ்சயன் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"கேஜ் காத்துக் கூட எண்டு சொல்லுது. பிளக் பெற்றோல் கூட எண்டு சொல்லுது. ரெண்டும் உண்மையாய் இருக்கேலாது."

"கனடா சாமான் பொய் சொல்லுமா சார்?"

"சென்சர் பொய் சொல்லேல்ல அண்ணை. அது புகையில ஒட்சிசனக் கண்டது. அது என்ஜினுக்கால வந்த ஒட்சிசன் இல்ல. சென்சருக்கு முன்னால எங்கயோ வெடிப்பு இருக்கு. என்ஜின் மெல்ல ஓடேக்க அதுக்கால வெளிக்காத்து உறிஞ்சுப்படுது. நாங்கள் அதைப் பாத்துப் பாத்து பெற்றோலக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறம்."

செல்லசாமி பிளக்குகளைத் துடைத்துத் திரும்பப் பூட்டினான். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஈரச் சாக்கை எடுத்து சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னான். நான் பிடித்தேன். அவன் டோர்ச்சைப் போட்டு என்ஜினுக்குள் குனிந்தான். டிக், டிக், டிக். டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகிற வார்ப்பிரும்புக் குழாயில், அடிப்பக்கத்தில், ஒரு கீறல். சாக்கால் அடைபட்ட புகை அந்தக் கீறலால் துப்பியது. ஒவ்வொரு துப்பலுக்கும் ஒரு டிக்.

"இதுதான் அண்ணை. உறிஞ்சிறதும் இதால, துப்புறதும் இதால. ரேஸ் குடுக்கக் குடுக்கத் துப்பும்."

செல்லசாமி டோர்ச்சை மெல்ல நகர்த்தினான். அது துப்புகிற திசைக்கு. சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவர். அதில் விசிறி மாதிரி கரி படிந்து, மேலே போகப் போக விரிந்து, இடுக்கு வரைக்கும் ஏறி, இடுக்குக்குள்ளே போயிருந்தது.

அவன் டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கதவை உதைத்துத் திறந்து, கம்பளியை இழுத்து, ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். வேப்பிலை அறுந்து விழுந்தது. வீரம்மா கிடந்தாள். மூச்சு இருந்தது. கன்னம் செக்கச் சிவந்திருந்தது. தூக்கியபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க. கொஞ்சம் இருங்க. இப்பத்தான்..."

"என்னாடி இப்பத்தான்? வாடி வெளிய!" என்று செல்லசாமி அலறினான். அவன் அப்படி அலறி நான் கேட்டதில்லை. பெண்சாதியைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் ஓடினான். மகளுக்குப் பிறகு இவளையும் தூக்கிக்கொண்டு ஓடவா என் தலையில் எழுதியிருக்கிறது என்று ஓடிக்கொண்டே அழுதான். சஞ்சயன் வழியில் ஒரு வானை மறித்து எங்களை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் மாட்டி ஒட்சிசன் கொடுத்தார்கள். புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டாள் என்று டொக்டர் சொன்னார். இந்தப் புகைக்கு மணம் இருக்காது, இது ஏறினால் தலை வலிக்கும், இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும் என்றும் சொன்னார். பெற்றோல் மணம் எங்களுக்குப் பழகிப் போனது, அதனால் எதையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை. அழகுமுத்துவிடம் ராக்காயி சண்டைக்குப் போனாள். "நான் காப்புத்தானே கட்டுனேன், என்ஜின ஓட்டச் சொன்னேனா?" என்று அவர் கேட்டாராம். அதிலும் நியாயம் இருந்தது.

வீரம்மா தேறினாள். பெரட்டுக்கு வந்தாள். கொழும்பிலிருந்து புதுக் குழாய் வந்தது, செல்லசாமி பூட்டினான். கேஜ் இப்போது ஒழுங்காக மஞ்சளில் நின்றது, மிதித்தால் பச்சைக்குப் போனது. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு எங்களையும் கூட்டிப் போனார்கள். வண்டி மலையில் ஏறிய அழகைப் பார்த்து நான் கையைத் தட்டிக் கத்தினேன். சஞ்சயனுக்கு ஒரு சின்னக் கப் கிடைத்தது, அதைச் செல்லசாமியின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியில், தேத்தண்ணிக் கடையில், செல்லசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, நெசத்தச் சொல்லணும். அன்னிக்கி ரசச் சட்டியப் போட்டுட்டு ஓடுனீங்களே. பாத்தீங்களா?"

மறைக்க முடியவில்லை. "பாத்தேன்பா. பச்சக் கவுன். ரெட்டப் பின்னல்."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரங்கூட இல்ல."

அதுதான் எனக்கும் இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் புகை தலைக்கு ஏறுமா? டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. செல்லசாமி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டான்.

"எனக்குத் தட்டுற சத்தம் மட்டுந்தாண்ணே" என்றான். "நான் கொட்டக வாசல் பக்கமே நின்னுட்டேன்."

அவன் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "சீ, போடா. அதெல்லாம் புகை" என்று அதட்டினேன். "ஆமா, புகைதான்" என்றான் அவனும்.

மே மாத வெசாக் லீவுக்கு சஞ்சயன் யாழ்ப்பாணம் போனார். ரோடு திறந்திருக்கிறது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். வண்டியைச் செல்லசாமியிடம் விட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மழை பிடிக்கப் போகிற ஒரு பின்னேரம், நான் லொறியை நிறுத்திவிட்டு லயத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். பனி மூட்டம். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள், வீரம்மா முன்னால் வந்தாள். அப்போது கோடிப் பக்கமிருந்து என்ஜின் சத்தம். அதற்குள்ளே டிக், டிக், டிக்.

வீரம்மா நின்றாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. வெடித்த பழைய குழாயை அவன் எறியவே இல்லை. திரும்பப் பூட்டியிருக்கிறான்.

அவள் கூடையை வீசிவிட்டு ஓடினாள். கொட்டகைப் படங்கு இறக்கி, உள்ளேயிருந்து ஆணி அடித்து இறுக்கியிருந்தது. ஜன்னல் இல்லாத தகரம். "ஏங்க! ஏங்க!" என்று தட்டினாள். பதில் இல்லை. முன்வாசல் இஸ்தோப்பில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து படங்கைக் குறுக்காகக் கிழித்தாள். கிழிசலுக்குள் கையை விட்டு இரண்டாகப் பிளந்தாள்.

செல்லசாமி வண்டியின் மூக்குக்கு முன்னால், சுவரோரம், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். நானும் அவளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். மழை தூறத் தொடங்கியது. வாந்தி எடுத்தான். கொஞ்சம் தெளிந்ததும் எங்களைத் தள்ளினான்.

"ஏன் தொறந்தீங்க? தட்ட ஆரம்பிச்சிட்டா. இன்னங் கொஞ்ச நேரத்துல வந்துருப்பா."

"ஒனக்குப் பைத்தியமாடா?" என்று அடிக்கக் கையை ஓங்கினேன்.

"நீங்க பாத்தீங்க. இவ பாத்தா. பெத்த அப்பனுக்கு மட்டுங் காட்டமாட்டேங்கிறாளே! அன்னிக்கி மண் சரிஞ்ச எடத்துல தோளுல போட்டுக்கிட்டு நடந்தேன். சாகுறப்ப அவ மொகம் எம் முதுகுப் பக்கம் இருந்துச்சு. நான் மொகத்தப் பாக்கலியே. ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும். அப்பறம் வண்டிய ஒடச்சே போட்டுருவேன்."

ஓங்கிய கை எனக்கு அப்படியே இறங்கிவிட்டது. வீரம்மா சேற்றில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மூஞ்சியில் வழிந்த மழைத் தண்ணியைத் தன் சேலையால் துடைத்தாள்.

"நான் மொகத்தப் பாத்தேன்னு யாருங்க சொன்னது?"

அவன் அவளைப் பார்த்தான்.

"முதுகத்தாங்க பாத்தேன். அத்தன நாளும் முதுகுதான். அடுப்பப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பா. திரும்புடி, அம்மாவப் பாருடின்னு கெஞ்சாத கெஞ்செல்லாம் கெஞ்சுனேன். இப்பத் திரும்புவா, இப்பத் திரும்புவான்னுதான் தலவலியோட உள்ளயே கெடந்தேன். செத்தாலும் பரவாயில்லன்னு கெடந்தேன். அது திரும்பல. அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு எந்திரிச்சேன் ஒரு நாளு. நான் சுத்திப் போகப் போக, அதுவும் முதுகாவே இருந்துச்சுங்க."

செல்லசாமி மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க?"

நான் நினைத்துப் பார்த்தேன். பச்சைக் கவுனின் பின்பக்கத்துப் பட்டன்கள். பிடரியில் நேராக எடுத்த வகிடு. இரண்டு பக்கமும் தொங்கிய பின்னல். குறுகிய தோள். வேறு ஒன்றும் வரவில்லை. ஒரு பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா என்று சொன்னால் இவன் நெஞ்சு ஆறிப்போகும். ஆனால் சொன்னால் இவன் திரும்பவும் உள்ளே போவான்.

"இல்லப்பா" என்றேன். "எனக்கும் மொகங் காட்டல."

செல்லசாமி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். கிழிந்த படங்குக்கு உள்ளே என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேஜில் சிவப்பு. வீரம்மா எழுந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினாள்.